வீட்டுக்கு அடியில் சுரங்கம் வெட்டிக் கழிவுநீர்க் குழாய் மாற்றுதல்: டெக்சாஸில் பழைய வீடு வாங்கியவர்களுக்கு

டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ வட்டாரங்களில் 1970-களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடு என்றால், தரைக்கு அடியில் ஓடும் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பாகத்தான் இருக்கும். இந்த வீடுகள் பலவற்றுக்குக் கீழே நிலவறையும் கிடையாது, ஆள் தவழ்ந்து போக இடைவெளியும் கிடையாது. மண்மேல் நேரடியாகக் கொட்டிய கான்கிரீட் ஸ்லாப், அதற்கு அடியில் மண்ணுக்குள் குழாய். ஐம்பது அறுபது வருஷத்தில் அந்தக் குழாயின் அடிப்பக்கம் அரித்துப் போய்விடுகிறது. வீட்டுக்கு வெளியே குழி வெட்டி, அங்கிருந்து ஸ்லாபுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மல்லாந்து படுத்தபடி பழையதைக் கழற்றிப் புதிய பிவிசி மாட்டுவது அதை மாற்றும் வழிகளில் ஒன்று.

இதை நீங்களே தோண்டப் போவதில்லை, தோண்டவும் கூடாது. ஆனால் செலவு உங்களுடையது, வேலை முடிந்ததும் எல்லாமே மண்ணுக்குள் மறைந்துவிடும். மூடுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் மட்டுமே அந்தப் பணத்துக்குப் பலன் உண்டு.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: அந்த மண் நகரும். விருதுநகர், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். டெக்சாஸ் மாநிலத்தின் அடையாள மண்ணான ‘ஹூஸ்டன் பிளாக்’ அதே குடும்பத்துக் கருமண்தான். பெயரில் ஹூஸ்டன் இருந்தாலும் அது அதிகம் இருப்பது டாலஸிலிருந்து சான் அன்டோனியோ வரை நீளும் பட்டையில். ஹூஸ்டன் நகரத்துக்கு அடியில் இருப்பதும் ஊதிச் சுருங்கும் களிதான், அங்கே அதை ‘கம்போ’ என்பார்கள். வீடு ஒரு பக்கம் அசையும், மண் ஒரு பக்கம் அசையும், குழாய் நடுவில் மாட்டிக்கொள்ளும். இந்த வேலையில் உள்ள விதிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

கசிவு இருக்கிறதா என்று உறுதி செய்தல்

அறிகுறிகள் பல. பாத்ரூமில் தண்ணீர் மெதுவாக இறங்கும், ஒரு டாய்லெட்டைத் திறந்துவிட்டால் பக்கத்து ஷவரில் ‘களக் களக்’ என்று சத்தம் வரும், கரப்பான் தொல்லை தீராது, வீட்டு நடுவில் தரை மேடு தட்டும், கதவு மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். ஆனால் தண்ணீர் பில்லைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கழிவுநீர் என்பது ஏற்கெனவே மீட்டரைத் தாண்டி வந்த தண்ணீர். எவ்வளவு கசிந்தாலும் பில் ஏறாது. எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் மீட்டர் ஓடினால் அது நல்ல தண்ணீர் லைனில் உள்ள கசிவு. அது வேறு வேலை.

கழிவுநீர் லைனுக்கு ஹைட்ரோஸ்டாட்டிக் சோதனைதான் தீர்ப்பு. வீட்டுக்கு வெளியே உள்ள கிளீன் அவுட் (அடைப்பு எடுப்பதற்காக லைனில் விட்டிருக்கும் மூடி போட்ட வாய்) வழியாக, ஊதினால் விரியும் ரப்பர் அடைப்பானை இறக்கி, லைனை அடைக்கிறார்கள். பிறகு ஒரு டாய்லெட்டைத் தூக்கிவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஸ்லாப் மட்டம் வரை தண்ணீர் நிரப்புகிறார்கள். முதல் சில நிமிடங்கள் காற்றுக்குமிழ் வெளியேறுவதால் மட்டம் கொஞ்சம் இறங்கலாம். மறுபடி நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு, 20 முதல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். மட்டம் அசையாமல் நின்றால் லைன் நல்லது. இறங்கினால் கசிவு உண்டு. அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். அடைப்பானை ஒரு சங்கிலியால் மேலே கட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கட்டாவிட்டால் காற்றை இறக்கும்போது தண்ணீரின் வேகத்தில் அது நகராட்சி லைனுக்குள் போய்விடும்.

கசிவு உண்டு என்று தெரிந்தால் அடுத்தது பிரித்துச் சோதிப்பது. சமையலறைக் கிளை, ஹால் பாத்ரூம் கிளை, மாஸ்டர் பாத்ரூம் கிளை என்று ஒவ்வொன்றையும் தனியாக அடைத்துப் பார்ப்பார்கள். கூடவே கேமரா ஓட்டி, கேமராத் தலையில் உள்ள சிக்னலைத் தரைக்கு மேலிருந்து பிடித்து, குழாய் எங்கே எந்த ஆழத்தில் போகிறது என்று வரைபடம் போடுவார்கள். கேமரா மட்டும் போதும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். முடியளவு விரிசலைக் கேமரா தவறவிடும், தண்ணீர் தவறவிடாது. அதே மாதிரி, கேமரா காட்டும் தண்ணீர் தேங்கிய பள்ளத்தைத் தண்ணீர்ச் சோதனை காட்டாது. இரண்டும் வேண்டும்.

கிளைகளில் ஒன்று மட்டும் கசிகிறது என்றால் அதை மட்டும் மாற்றலாமா? பிவிசி வீட்டில் மாற்றலாம். வார்ப்பிரும்பில், சுரங்கம் எந்தக் குழாயை ஒட்டிப் போகிறதோ அந்தக் குழாயை முழுவதும் மாற்றிவிடுங்கள். எல்லாத் துண்டுக்கும் ஒரே வயது. புதுக் குழாயை அரித்த இரும்பில் மாட்டினால் அடுத்த கசிவு அந்த இணைப்புக்கு ஒரு அடி தள்ளி வரும், அப்போது சுரங்கச் செலவு இரண்டாவது முறை.

சுரங்கமா, தரையை உடைப்பதா?

ஓரச் சுவரை ஒட்டியோ, கராஜுக்குள்ளோ ஒரே இடத்தில் கசிவு என்றால் தரையை உடைப்பது மலிவு, சீக்கிரமும் முடியும். வீட்டுக்கு நடுவே பல அடி நீளத்துக்கு மாற்ற வேண்டும் என்றால் சுரங்கம் நல்லது. டைலும் மரத்தரையும் அப்படியே இருக்கும், சிமெண்ட் தூசி வராது, வீட்டைக் காலி செய்யவும் வேண்டாம். பழைய குழாய்க்குள் ரெசின் உறையை ஒட்டும் முறையும் உண்டு. பள்ளமாகத் தொங்கிப்போன குழாயை அது நிமிர்த்தாது, உள்விட்டத்தையும் கொஞ்சம் குறைக்கும், ஒவ்வொரு கிளை வாயையும் மறுபடி வெட்டித் திறக்க வேண்டும். அடிப்பக்கமே இல்லாத குழாய்க்கு அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

1970-களுக்குப் பின் பரவிய போஸ்ட் டென்ஷன் ஸ்லாப் வீடுகளில் உடைப்பது ஆபத்தான வேலை. கான்கிரீட்டுக்குள் உள்ள ஒவ்வொரு எஃகு முறுக்குக் கம்பியும் சுமார் 15 டன் இழுவிசையில் முறுகி நிற்கிறது. ஒன்றை வெட்டிவிட்டால் அது கான்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே பாயும். கராஜ் தரையில் ‘வெட்டாதே, துளைக்காதே’ என்று முத்திரை பதித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தோண்டுவதற்கு முன்

மாநிலத்தின் பிளம்பிங் தேர்வாளர் வாரிய இணையதளத்தில் நிறுவனத்தின் பொறுப்பு மாஸ்டர் பிளம்பர் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள். சுரங்கம் தோண்டுபவரும் பிளம்பரும் பல நேரம் இரண்டு தனி நிறுவனங்கள். அப்படியானால் மண் சரிந்தால் யார் பொறுப்பு, குழாய் கசிந்தால் யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கட்டும். நகராட்சி அனுமதி எடுத்தாக வேண்டும். ‘அனுமதி எடுத்தால் செலவு கூடும், எடுக்காமலே முடித்துவிடலாம்’ என்று பேசுபவரை அந்த நிமிடமே விட்டுவிடுங்கள். வீட்டை விற்கும்போது முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

சுரங்கத்துக்கு விலை அடிக்கணக்கில். அடி எங்கிருந்து எங்கே வரை அளக்கப்படும், வெளிக்குழி அதில் சேருமா, மண்ணைத் திரும்ப நிரப்புவது, மிஞ்சிய மண்ணை அள்ளிப் போவது, அனுமதிக் கட்டணம், கடைசிச் சோதனை, பெயர்த்த நடைபாதையைத் திரும்பப் போடுவது இவை எல்லாம் சேர்ந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். அரித்துப்போன குழாயின் விலையைப் பொதுவாகத் தர மாட்டார்கள். ஆனால் சில பத்திரங்களில் அந்தக் குழாயைச் சென்றடைய ஆகும் தோண்டுகூலிக்கு இடம் உண்டு, அதுதான் பெரிய தொகை. சோதனை அறிக்கை கையில் வந்ததும், வேலை தொடங்கும் முன்பே, காப்பீட்டாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

811-க்கு அழைத்து இரண்டு வேலை நாளுக்கு முன்பே தகவல் சொல்ல வேண்டும். மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு லைன்களை இலவசமாக வந்து குறித்துவிட்டுப் போவார்கள். உங்கள் தோட்டத்துத் தெளிப்பான் குழாயை அவர்கள் குறிக்க மாட்டார்கள், அதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

வீடு ஏற்கெனவே சாய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரை முதலில் பாருங்கள். கசிந்த தண்ணீரால் மண் ஊதி வீடு மேலெழுந்திருந்தால், குழாயைச் சரி செய்து, மண் ஈரம் சமப்படச் சில மாதம் விட்டு, பிறகுதான் அஸ்திவாரத்தில் கை வைப்பார்கள். அவசரப்பட்டு முதலில் ஜாக்கி போட்டு ஏற்றினால், ஊதிய மண் வற்றிய பிறகு மறுபடி சாயும்.

குழியும் சுரங்கமும்

எங்கிருந்து நுழைவது என்று வரைபடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். ஒரே நீண்ட சுரங்கத்தைவிட இரண்டு பக்கத்திலிருந்து இரண்டு குட்டைச் சுரங்கம் மேல். தோண்டும் நீளம் குறையும், உள்ளே இருப்பவருக்கு வெளியேறும் தூரமும் குறையும். சமையலறை வீட்டின் மறுகோடியில் இருந்தால் அதற்குத் தனி வாசல் வைப்பதே முறை. வீட்டைச் சுற்றி முன்பே பையர் (அஸ்திவாரத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் தூண்) அடித்திருந்தால் இரண்டு பையருக்கு நடுவில்தான் நுழைய வேண்டும். ஸ்லாபின் விளிம்பில், வெளிச்சுவருக்குக் கீழே ஓடும் தடித்த கான்கிரீட் உத்திரம்தான் ஓர பீம். அதற்குக் குறுக்காகத்தான் சுரங்கம் போக வேண்டும். பீமை ஒட்டி நெடுகத் தோண்டினால் வீட்டின் பாரம் உட்காரும் மண்ணையே எடுத்துவிடுகிறீர்கள்.

ஓர பீமின் ஆழம் பெரும்பாலும் இரண்டு முதல் இரண்டரை அடி. அதற்கும் கீழே மூன்று அடி வேண்டும், ஆக வெளிக்குழி ஐந்து அடியைத் தொடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி ஐந்து அடி ஆழத்திலிருந்து மண் சரியாமல் முட்டுக் கொடுக்கவோ, பக்கங்களைச் சாய்த்து வெட்டவோ வேண்டும். நான்கு அடியிலிருந்தே ஏணி கட்டாயம். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு அடி தள்ளிக் குவிக்க வேண்டும். ஒரு கன கஜம் மண் ஏறத்தாழ ஒரு சின்னக் காரின் எடை. அது இடுப்பு வரை சரிந்தாலே ஆள் வெளியே வர முடியாது.

சுரங்கத்தின் அளவு பொதுவாக மூன்று அடி அகலம், மூன்று அடி உயரம். இதைவிடச் சின்னதாக வெட்டினால் பிளம்பருக்குக் கை சுழலாது, இணைப்பு கோணலாகும். எவ்வளவு மண் வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடி நீளத்துக்கு 9 கன அடி. 40 அடிச் சுரங்கத்துக்கு 360 கன அடி. ஈரக் களி கன அடிக்கு ஏறத்தாழ 115 பவுண்டு என்றால் 19 டன் அளவுக்கு வரும். வெட்டிய மண் கால் பங்குக்கு மேல் பெருக்கும் என்பதால் 450 கன அடிக்காவது இடம் ஒதுக்க வேண்டும். புல்தரையில் நேராகக் கொட்டாமல் தடித்த பிளாஸ்டிக் விரித்து, மேலே இன்னொன்றால் மூடச் சொல்லுங்கள். இதே மண்தான் திரும்ப உள்ளே போகப் போகிறது. மழையில் சேறானால் அது எதற்கும் உதவாது.

தோண்டுவதெல்லாம் களிமண் வெட்டும் மண்வாரி, காற்றழுத்தச் சுத்தியல், சறுக்குத் தட்டு, வாளி இவற்றால்தான். மண்ணைப் பொறுத்து இரண்டு பேர் ஒரு நாளில் ஐந்து முதல் பத்து அடி போவார்கள். கசிந்த இடத்தை நெருங்க நெருங்க மண் கருத்து, இளகி, நாற்றமடிக்கும். அது சாக்கடையில் ஊறிய மண், வெறுங்கையால் தொடக்கூடாது. குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சாக்கடை வாயுவில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடு, பிவிசி பசையின் ஆவி இரண்டும் காற்றைவிடக் கனமானவை, தாழ்ந்த இடத்தில் தேங்கும். வாசலில் மின்விசிறி வைத்துக் குழல் வழியாகக் கடைசி வரை காற்று அனுப்ப வேண்டும். எல்.இ.டி. விளக்கு மட்டுமே. பெட்ரோல் பம்பையோ ஜெனரேட்டரையோ குழி வாயில் வைக்கக் கூடாது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே இறங்கும். தண்ணீர் இறைக்க மின்சார பம்ப், அதுவும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு இணைப்பில். உள்ளே ஒருவர் இருக்கும்போது வெளியே ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும்.

பழையதைக் கழற்றுதல்

லைனைத் திறக்கும் நாளில் வீட்டில் ஒவ்வொரு டாய்லெட் மேலும், ஒவ்வொரு சிங்க் மேலும் ஒரு காகிதம் ஒட்டுங்கள். வாஷிங் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மேலே யாரோ மறந்து திறந்துவிடும் தண்ணீர் கீழே படுத்திருப்பவர் முகத்தில்தான் விழும். நல்ல குழுவினர் சாயங்காலத்துக்குள் ஒரு டாய்லெட்டாவது தற்காலிகமாக ஓடும்படி செய்துவிட்டுப் போவார்கள். ஒப்பந்தத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்ப்பிரும்பை வெட்டச் சங்கிலி வெட்டியை விட வைரப் பல் பிளேடு நல்லது. அரித்த குழாயைச் சங்கிலி நெரித்து நொறுக்கிவிடும், நொறுங்கிய முனையில் எந்த இணைப்பும் உட்காராது. செங்குத்துக் குழாயை வெட்டும் முன் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். சுவருக்குள் கூரை வரை போகும் வார்ப்பிரும்புக் காற்றுக்குழாய் நூறு பவுண்டு வரை இருக்கும். கீழே ஆதாரத்தை எடுத்ததும் அது இறங்கினால் சுவருக்குள் இணைப்புகள் விலகும், கூரையில் மழைநீர்த் தடுப்பு கிழியும். பல மாதம் கழித்து மேற்கூரை ஒழுகும்போது அதற்குக் காரணம் கீழே வெட்டிய குழாய் என்று யாருக்கும் தோன்றாது.

வெட்டி எடுத்த முதல் துண்டைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேல்பாதி கால் அங்குலக் கனத்தில், உள்ளே துருக் கட்டிகளோடு, கெட்டியாக இருக்கும். விரலைக் கீழ்ப்பக்கம் கொண்டுபோனால் கனம் குறைந்துகொண்டே வந்து, அடியில் தகடாகி, சில இடத்தில் ஒன்றுமே இல்லாமல் ஒரு வாய்க்கால் மாதிரிப் பிளந்திருக்கும். விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் கரி போல உதிரும். கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடைப் பாக்டீரியா கந்தக அமிலமாக்குகிறது, ஓயாமல் தண்ணீர் ஓடும் அடிப்பக்கத்தில் துருவும் சேர்ந்து தின்கிறது. மேலே இருந்து தட்டிப் பார்த்து ‘குழாய் திடமாக இருக்கிறது’ என்று சொல்வது ஏன் தவறு என்பது அந்தத் துண்டைப் பார்த்தாலே விளங்கும்.

புதிய குழாய்

ஷெட்யூல் 40 (குழாய்ச் சுவரின் கனத்தைக் குறிக்கும் தரம்) பிவிசி, முழுக்க ஒரே பொருளால் ஆன சுவர் கொண்டது வேண்டும். நடுவில் நுரை அடைத்த மலிவுக் குழாயும் அதே நிறத்தில், அதே விட்டத்தில் வரும். மேலே அச்சடித்த எழுத்தைப் படியுங்கள்: ஏ.எஸ்.டி.எம். என்ற தர எண்ணில் டி2665 என்றால் முழுச் சுவர், எஃப்891 என்றால் நுரை. டாய்லெட்டுக்கு 3 அங்குலம், ஷவருக்கும் வாஷிங் மெஷினுக்கும் 2 அங்குலம், முதன்மை லைனுக்குப் பெரும்பாலும் 4 அங்குலம்.

அடுத்தது வாட்டம். நம் ஊர்க் கொத்தனார் மொட்டை மாடிக்குப் பார்ப்பாரே, அதே வாட்டம்தான், இங்கே அளவு துல்லியம். 2 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் கட்டாயம். 4 அங்குலத்துக்கும் கால் அங்குலமே நல்லது, அது முடியாத இடத்தில் அரைக்கால் அங்குலத்தை உங்கள் நகராட்சி ஏற்குமா என்று கேட்க வேண்டும். சுரங்கம் வெட்டும் முன்பே இந்தக் கணக்கைப் போடாததுதான் பல வேலைகள் கெடுவதற்குக் காரணம். கடைசி டாய்லெட்டிலிருந்து வெளி இணைப்பு வரை 36 அடி என்று வையுங்கள். கால் அங்குல வாட்டத்துக்கு 9 அங்குலம் இறங்க வேண்டும். வெளியே நகராட்சி லைன் 7 அங்குலம்தான் கீழே இருக்கிறது என்றால் இடிக்கும். நடுவில் ஒரு துண்டைச் சமமாகப் போட்டு ஒப்பேற்றுவார்கள், அங்கே தண்ணீர் தேங்கும், கழிவு படியும், இரண்டு வருஷத்தில் அடைப்பு. முழு நீளத்துக்கும் ஒரே வாட்டம் வேண்டும். ரசமட்டத்தை ஒவ்வொரு துண்டின் மேலும் வைத்துக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படுக்கைக் குழாயில் ஒரு கிளை சேரும் இடத்தில் ‘ஒய்’ வடிவ இணைப்பும் 45 பாகை வளைவும்தான் போட வேண்டும். ‘டீ’ வடிவ இணைப்பைப் படுக்கையில் போட்டால் கிளைத் தண்ணீர் எதிர்ச்சுவரில் மோதி இரண்டு பக்கமும் சிதறும், கழிவு அங்கேயே நிற்கும். திரும்பும் இடங்களில் நீள வளைவு. ஒட்டும் முன் எல்லாவற்றையும் பசை இல்லாமல் மாட்டிப் பார்த்து, இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட வேண்டும். பிறகு ஊதா நிற பிரைமர், பசை, உள்ளே தள்ளிக் கால் சுற்று, 30 விநாடி பிடித்தல். ஊதாக் கறை தெரியாத இணைப்பு நகராட்சி ஆய்வாளர் கண்ணில் பட்டால் வெட்டி எறியச் சொல்வார், அது நியாயமும் கூட.

பழைய இரும்புக் குழாயும் பிவிசியும் சேரும் இடத்தில் எஃகு உறை போட்ட ரப்பர் இணைப்பு வேண்டும். இரண்டும் ‘4 அங்குலம்’ என்றே பெயர். ஆனால் பிவிசியின் வெளிவிட்டம் 4.5 அங்குலம், இரும்பு அதைவிடச் சற்றுக் குறைவு. இரண்டு அளவுக்கும் என்றே செய்த மாற்று இணைப்பைத்தான் கேட்க வேண்டும். எஃகு உறை இல்லாத வெறும் ரப்பர், பாரத்தில் வளைந்து தொங்கும். முறுக்கையும் கைக்கணக்கில் விடக்கூடாது. சாதாரண வகைக்கு 60 அங்குலப் பவுண்டு, கனரக வகைக்கு 80. அதற்கென்றே முறுக்குச்சாவி உண்டு.

இனி, இந்த வேலையின் உயிர்நாடி: குழாய் மண்மேல் கிடக்கக் கூடாது, ஸ்லாபைப் பிடித்துத் தொங்க வேண்டும். மண்மேல் கிடந்தால் மண் இறங்கும்போது குழாயும் இறங்கும். வீட்டோடு கட்டியிருக்கும் டாய்லெட் முனை மட்டும் மேலேயே நிற்கும். நடுவில் இணைப்பு பிய்ந்துகொள்ளும். பழைய குழாய்க்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான். துருப்பிடிக்காத எஃகில் ஆன திருகுக் கம்பியை ஸ்லாபின் அடிப்பக்கம் எப்பாக்சி வைத்துப் பொருத்தி, வளையத்தில் குழாயை மாட்ட வேண்டும். நான்கு அடிக்கு ஒன்று. அது போக ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு நீர்ப்பூட்டுக்கு (தண்ணீர் தேங்கிச் சாக்கடை வாயுவைத் தடுக்கும் வளைகுழாய்) அருகிலும் ஒன்று. துளையில் தூசியை ஊதித் துடைத்த பிறகே எப்பாக்சி. தூசி இருந்தால் அது கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைப் பிடிக்கும். இறுகிய பிறகு ஒவ்வொரு கம்பியையும் கையால் தொங்கி இழுத்துப் பார்க்கலாம். துத்தநாகம் பூசிய துளைத்தகடு ஈர மண்ணில் சில வருஷத்தில் துருப்பிடித்துப் போகும், ஒத்துக்கொள்ளாதீர்கள். போஸ்ட் டென்ஷன் ஸ்லாபில் துளைக்கும் முன் கம்பி எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் செய்தாக வேண்டும். வளையத்தை இறுக்கி நெரிக்கவும் கூடாது. நூறு பாரன்ஹீட் வித்தியாசத்துக்குப் பத்தடிப் பிவிசி மூன்றில் ஒரு அங்குலத்துக்கு மேல் நீளும். பாத்திரம் கழுவும் மெஷினின் சுடுதண்ணீர் போகும் லைன் நகர இடம் வேண்டும்.

ஓர பீமைத் தாண்டி வெளியே வந்ததும் குழாய் மண்ணைச் சார்ந்துவிடுகிறது. ஆகவே வீட்டுக்கு வெளியே சில அடிக்குள் இருதிசைக் கிளீன் அவுட் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அடுத்த சோதனைக்கும், அடைப்பு எடுக்கவும் அதுவே வாசல்.

குளியல் தொட்டிக்கு அடியில் ஸ்லாபில் ஏறக்குறைய ஓர் அடிச் சதுர ஓட்டை விட்டிருப்பார்கள். கறையான் வீட்டுக்குள் ஏறும் முக்கிய வழிகளில் அது ஒன்று. கீழே ஆள் இருக்கும்போதே அதை அடைத்துவிடச் சொல்லுங்கள்.

மூடுவதற்கு முன்

புதிய லைனுக்கு அதே ஹைட்ரோஸ்டாட்டிக் சோதனை மறுபடியும். இந்த முறை சுரங்கம் திறந்திருக்கிறது, ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்கலாம். நகராட்சி ஆய்வாளர் வந்து பார்த்து ஒப்புதல் தரும் வரை ஒரு வாளி மண்கூட உள்ளே போகக்கூடாது. வெள்ளிக்கிழமை மதியம், மழை வருகிறது, ஆய்வாளர் திங்கள்தான் வருவார், மூடிவிடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். குழிமேல் பிளைவுட்டும் பிளாஸ்டிக்கும் போட்டு, சுற்றி மண் வரப்பு கட்டி, திங்கள் வரை காத்திருப்பதே சரி.

நாடாவை நீட்டி, சுவரிலிருந்து ஒவ்வொரு திருப்பமும் எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். சோதனை முடிவுகள், வீடியோ, அனுமதி ஒப்புதல், பொறியாளர் கடிதம் எல்லாம் அதே உறையில் இருக்கட்டும். இவை கைக்கு வரும் வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

மூடுதல்

மூடுவதில் இரண்டு வழிகள் உண்டு. வெட்டிய மண்ணையே ஆறு அங்குலம், எட்டு அங்குல அடுக்குகளாகப் பின்னோக்கி வந்தபடி இடித்துக் கெட்டித்து, ஸ்லாபுக்குக் கீழே மிஞ்சும் இடைவெளியில் மண்குழம்பைப் பம்ப் செய்து நிரப்புவது ஒன்று. குழாயைச் சுற்றி வேண்டுமென்றே வெற்றிடம் விட்டு, பக்கத்து மண் சரியாதபடி தடுப்பு வைத்து மூடுவது இன்னொன்று. தொங்கும் குழாயைச் சுற்றிக் களியை இறுக்கி அடைத்தால், அது ஊதும்போது குழாயைக் கீழிருந்து தள்ளும். அதனால் அதிகம் ஊதும் மண்ணில் இரண்டாவது வழியே எங்களுக்குச் சரியாகப் படுகிறது. செலவு கூடும். உங்கள் ஸ்லாப் எந்த வகை, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்து, பொறியாளர் எழுத்தில் சொல்வதைச் செய்யுங்கள். படுத்துக்கொண்டு கையால் இடிக்கும் மண் பழைய இறுக்கத்துக்கு வராது என்பதை மட்டும் நினைவில் வைத்து, ‘எல்லாம் தானாக உட்கார்ந்துவிடும்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

சுரங்க வாயை மூடுவதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெளிக்குழியை மணலால் நிரப்புவது சுலபம், பார்க்கவும் சுத்தம். ஆனால் மணல் மழைத்தண்ணீரை உறிஞ்சி நேராகப் பீமுக்கு அடியில் கொண்டுபோய்விடும். சாக்கடைத் தண்ணீரை நிறுத்தப் பணம் செலவழித்துவிட்டு மழைத் தண்ணீருக்கு வழி திறந்த கதையாகும். பீமுக்கு நேர் கீழே களியை அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கி அடைப்பு மாதிரி வைக்க வேண்டும். வெளிக்குழியும் களியால்தான். கறையான் மருந்து அடித்த மண்ணை அங்கே தோண்டிக் கலைத்துவிட்டதால், மூடிய பிறகு அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி மருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று பெருமழைக்குப் பிறகு குழி இருந்த இடம் சில அங்குலம் உள்வாங்கும். ஒரு வண்டி களிமண்ணை முன்கூட்டியே ஓரமாக வைத்திருந்து, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி சரிவாக நிரப்பி, அதன்மேல் புல் பதியுங்கள்.